தொண்ணூற்றேழாம் சுற்று

ஆடி மாதத்துக் கருங்கல்லுக்கு ஒரு மணம் உண்டு. முற்பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும் கல்தரையின்மேல் குடங்குடமாக நீரை ஊற்றும்போது எழும் மணம் அது. ஊற்றிய நீர் ஆவியாகிக் கணுக்கால்வரை ஏறும். நசுங்கிய எலுமிச்சம்பழமும், சிந்திய மிளகும், நூற்றுக்கணக்கானோரின் வியர்வையும் அதனோடு கலந்திருக்கும்.

அந்த மணத்தினூடே நான் நடந்துகொண்டிருந்தேன். தோளில் துண்டு, இடுப்பில் நாலுமுழ வேட்டி. வேட்டியின் இடப்பக்க மடிப்பில் புளியங்கொட்டைகள். ஒரு சுற்று முடியுந்தோறும் ஒரு கொட்டையை எடுத்து வலப்பக்க மடிப்பில் இடுவேன். தொடங்கும்போது இடப்பக்கத்தில் நூற்றெட்டு இருந்தன. அவற்றோடு என் மகிழுந்தின் சாவியும் அதே மடிப்பில் கிடந்தது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சொல். சங்கரன்கோவிலில் ஆடித் தவசுக்குக் கொடி ஏறிய நாள்முதல், வேண்டுதல் உடையோர் கோயிலைச் சுற்றத் தொடங்குவர். நூற்றெட்டு முறை சுற்றுவோர் உண்டு. அதனினும் பன்மடங்கு சுற்றுவோரும் உண்டு. பாம்புகளுக்கும் தாய் என்று வணங்கப்படும் கோமதியம்மை தவமிருக்கும் நாள்களில் தாமும் கால்நோக நடப்பதை அவளுக்குத் துணையிருத்தலாகவே இவ்வூரார் கருதுகின்றனர்.

தொற்றுநோய்க் காலத்து அடைப்புகள் நீங்கி, திருவிழா மீண்டும் மக்களால் நிறைந்த முதல் ஆடி அது. நான் தொண்ணூற்றேழாம் சுற்றை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். எதிரே கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாடசாமி வந்தார்.

முன்பு எழுதியது

இந்நிகழ்ச்சியை நான் முன்னரே எழுதிவிட்டேன். மூன்று கிழமைகளுக்கு முன், இதே தொடரில், ‘தாயின் காப்பு’ என்னும் தலைப்பில் வந்தது. படித்தவர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். படியாதவர்களுக்காக, அதிலிருந்து சில வரிகள்:

‘என் எதிர்வீட்டார் ஓடிவந்து ஏதோ சொல்ல முயன்றார். அவருக்குத் திக்குவாய். மேளமும் கூட்டத்தின் இரைச்சலும் வேறு. அவர் கூற வந்தது எனக்கு விளங்கவில்லை. நானோ பேசாநோன்பில் இருந்தேன். அவருடைய மனைவியை நச்சரவம் தீண்டியிருந்தது என்பதைச் சுற்றுகளை முடித்துத் திரும்பிய பின்னரே அறிந்தேன். ஆயினும் அன்னை அந்தப் பெண்ணின் உயிரைக் காத்தாள்.’

அந்த இயலுக்குக் கடிதங்கள் வந்தன. படிக்கும்போது கண் கலங்கியதாகத் தென்காசி அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இருமுறை படித்தேன். மகிழ்ந்தேன் என்பதையும் இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

என் மனைவி மட்டும் இதழைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். “அன்னைக்கும் இதத்தான் எங்கிட்டச் சொன்னீக” என்றாள்.

மகிழுந்து வாத்தியார்

எங்கள் தெருவில் எனக்கு வழங்கும் பெயர் ‘மகிழுந்து வாத்தியார்’. கல்லூரியில் முப்பதாண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் மகன் ஒரு வண்டி வாங்கித் தந்தான். அதைக் ‘கார்’ என்று சொல்ல என் நாக்கு ஒப்பவில்லை. “மகிழுந்தைத் துடைத்தாகிவிட்டதா?” என்று ஒருநாள் தெருவில் கேட்டுவிட்டேன். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள், “ஐயா, அதுல ஏறுனா மகிழணுமா, இல்ல எறங்குனாத்தான் மகிழணுமா?” என்றார். தெருவே சிரித்தது. அன்று தொட்டு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பேச்சியம்மாள் அத்தகைய வாய் உடையவர். அவர் கணவர் மாடசாமி அதற்கு நேர்மாறு. விசைத்தறியில் வேலை. சொல்லின் முதலெழுத்தில் அவர் நாக்கு நின்றுவிடும். இரண்டு மூன்று முறை முட்டிய பின்னரே சொல் வெளிவரும். ஆகவே பெரும்பாலும் பேசாதிருப்பார். கணவருக்கும் சேர்த்து மனைவி பேசுவார்.

பேச்சியம்மாளும் தறிக்கொட்டகையில்தான் வேலை பார்த்தார். தறியில் ஒரு பாவு தீர்ந்தவுடன், பழைய பாவின் இழைமுனை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழைமுனையை இணைக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் சேர்ந்து ஒரு முறுக்கு, அவ்வளவுதான். கண் பார்க்குமுன் கை முடித்துவிடும். ஒருநாள் அவர் வேலை செய்வதை நின்று பார்த்தேன். “என்னய்யா பாக்கீக? நீங்க ஒரு பாட்டுக்கு ஒரு மணிநேரம் பொருள் சொல்லுதீகள்லா, அதுக்குள்ள நான் அரைப்பாவு முடிச்சிருவேன்” என்றார்.

மாடசாமிக்கு வண்டி ஓட்டத் தெரியும். இளமையில் புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை ஏற்றும் சிற்றுந்து ஓட்டியவர். எனக்குக் கண்ணில் படலம் தோன்றிய பின் சில வேளைகளில் அவரையே அழைத்து ஓட்டச் சொல்வேன். ஒருமுறை வாயிற்கதவில் உரசி, வண்டியின் இடப்புறத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அவர் முகம் வெளிறிப்போயிற்று. “ப... பரவால்லயாய்யா?” என்றார். “பரவாயில்லை” என்றேன். அதன்பின் அவரை ஓட்ட அழைக்கவில்லை.

நோன்பின் காரணம்

பேசாநோன்பு ஏன் பூண்டேன் என்பதையும் சொல்லவேண்டும். முந்தைய இயலில் அதை உயர்வாகச் சொல்லியிருந்தேன்.

நான் ஊர்தோறும் சமயச் சொற்பொழிவு ஆற்றுபவன். உலகில் துன்பம் ஏன், இறைவன் அருளாளன் என்றால் தீமையை ஏன் விட்டுவைத்தான் என்னும் கேள்விகளே என் விருப்பப் பொருள்கள். இருவினை, மலம், பக்குவம் என்று படிப்படியாக விளக்கினால் எத்தகைய ஐயமும் அடங்கும் என்று நம்பியிருந்தேன். அடங்குவதைக் கண்டும் இருந்தேன். கேள்வி கேட்டவர் அமர்ந்துவிடுவாரே!

அடைப்புக் காலத்தில் என் குரல் கம்மிற்று. மருந்துகள் பயனளிக்கவில்லை. குரல் மீண்டால் ஒருநாள் முழுதும் வாய் திறவாமல் நூற்றெட்டுச் சுற்று வருவதாக அம்மையிடம் வேண்டிக்கொண்டேன். மீண்டது. வேண்டுதலை நிறைவேற்ற வந்தேன். செய்தி ஊரில் பரவியிருந்தது. என்னை அறிந்த நான்கைந்து பேர் கற்றூண் ஓரத்தில் நின்று, நான் கடந்து செல்லுந்தோறும் கைகூப்பினர். அது எனக்குப் பிடித்திருந்தது.

மண்டபத்தில் ஒரு கேள்வி

பேச்சியம்மாள் உயிர் பிழைத்தார். வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

அவ்வாண்டு கார்த்திகையில் மேலவீதித் திருமண மண்டபம் ஒன்றில் என் தொடர்பொழிவு. நிறைவில் ஐயம் கேட்கலாம் என்பது வழக்கம். பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் எழுந்தார். கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார்.

“ஐயா, நான் வருசம் தவறாம வெள்ளித் தகட்டுல பாம்பு உருவம் வாங்கி உண்டியல்ல போட்டிருக்கேன். புத்துமண்ணு பூசாம ஒரு நாளு வெளிய போனதில்ல. பாம்புக்கே தாயி அவ. என்னைய மட்டும் ஏன்யா கைவிட்டா?”

மண்டபம் முழுதும் என்னைப் பார்த்தது. எனக்கு வியர்த்ததா? இல்லை. அப்போது நான் உணர்ந்தது, நல்லதொரு கேள்வி கிடைத்துவிட்டது என்னும் நிறைவைத்தான்.

“அம்மா, நம் வாழ்வு ஒரு நூலின் நடுப்பக்கம். முன்பக்கங்கள் முற்பிறவியில் எழுதப்பட்டவை. அங்கே என்ன எழுதினோமோ, அதன் தொடர்ச்சியையே இங்கே படிக்கிறோம். அன்னை கைவிடவில்லை. நீங்கள் எழுதியதை உங்களிடமே படித்துக் காட்டுகிறாள்.”

கைதட்டினார்கள். பேச்சியம்மாள் அமர்ந்துவிட்டார். ஐயம் அடங்கிற்று என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதழோடு வந்தவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்தார். எதிர்வீடேயாயினும் அவர் எங்கள் படியேறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே, சுருட்டிய இதழைப் பற்றியிருந்தார். மாடசாமி உள்ளே வரவில்லை. வாயிற்கதவுக்கு அப்பால் தம் இருசக்கர வண்டியின்மேல் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாருங்கள், அமருங்கள்” என்றேன்.

“உக்கார வரலய்யா” என்றார். “இத நீங்கதான எழுதுனீக?”

“ஆம்.”

“தறிக்கொட்டாயில மேஸ்திரி சத்தமா வாசிச்சாரு. எல்லாரும் இவுகளச் சுத்தி நின்னுட்டானுவ. ‘ஏலே மாடசாமி, பொஸ்தகத்துல வந்துட்டியே! ஒன் பேரு வரல, ஒன் நாக்கு வந்துட்டு பாரு!’ன்னு ஒருத்தன். ‘வே, ஒம்ம பொண்டாட்டிய பாம்பு கடிச்சதச் சொல்ல எத்தன நாளு ஆச்சு?’ன்னு இன்னொருத்தன். ஒரே சிரிப்பாணி. இவுக ஒண்ணும் சொல்லல. தறிய ஓட்டிட்டு வீட்டுக்கு வந்து, சாப்புடாமப் படுத்துக்கிட்டாக.”

நான் வாயிற்பக்கம் பார்த்தேன்.

“நானும் இவுகளத்தான்யா ஏசுனேன். இத்தன வருசமா. ‘ஐயாகிட்டப் போயி ஒழுங்காச் சொல்லிச் சாவிய வாங்கியிருந்தா என் வெரலு இருந்திருக்கும்லா. ஒங்களக் கட்டுனதுக்குத் தண்டன இது’ன்னு. இவுக ஒரே ஒருதரம், ‘சொன்னேன்ட்டி’ன்னாக. நான் நம்பல. திக்குவாயன் பேச்ச நம்பலாமா, நோம்பு இருக்க மனுசன் பேச்ச நம்பலாமா? நான் ஐயாவத்தான் நம்புனேன்.”

உள்ளேயிருந்து என் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பேச்சியம்மாள் வாங்கவில்லை. செம்பு மேசைமேல் இருந்தது.

“மண்டபத்துல நீங்க ஒண்ணு சொன்னீகள்லா, போன பொறப்புல நான் எழுதுனதுன்னு. அதையும் நம்புனேன். அன்னையிலருந்து கோயிலுக்குப் போகல. நான் அப்படி என்ன பாவத்தப் பண்ணித் தொலைச்சேனோ, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால போயி நிக்க? தவசுக்கு எங்க அக்கா மேலநீலிதநல்லூர்லருந்து வருவா. ‘வாட்டி போவம்’பா. நான் வயித்துவலின்னு சொல்லிப் படுத்துக்கிடுவேன்.”

அவர் குரல் உயரவில்லை; என்னிடமிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

“இந்த ஆடிக்குப் போகலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும். அதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவுக அன்னைக்குச் சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சா, விழலியா?”

“பேச்சியம்மா, இறைவனின் திருவுள்ளம்...” என்று தொடங்கினேன். நாற்பதாண்டுப் பழக்கம்.

அவர் கையை உயர்த்தினார். இருவிரல் கை.

“பாம்பு கடிச்சதுக்கு அம்மன்கிட்ட நான் கேட்டுக்கிடுதேன். அது எனக்கும் அவளுக்கும். சாவிக்கு நீங்க பதில் சொல்லுங்க.”

அன்று

மீண்டும் அந்தக் கல்தரைக்கு வருகிறேன்.

மாடசாமி என் முன்னே நின்றார். காலில் செருப்பில்லை, தறிக்கொட்டகைப் பஞ்சு தலைமுடியில் ஒட்டியிருந்தது. மேளம் அப்போது ஒலிக்கவில்லை. இரைச்சல் இருந்தது; ஆயினும் அவர் வாய் என் செவிக்கு ஒரு முழத் தொலைவில் இருந்தது.

“ஐயா, பேச்சிய பாம்பு கடிச்சிட்டு. வெறகு எடுக்கையில. கண்ணாடி விரியன். ஆம்புலன்சு தேருக்கூட்டத்துல மாட்டிக்கிட்டு. ஆட்டோ ஒண்ணும் உள்ள வரல. வண்டிச் சாவி தாங்க.”

என் வண்டி நெரிசலுக்கு வெளியே, இராசபாளையம் சாலையில், தெரிந்தவரின் சரக்குக் கிட்டங்கியில் நின்றிருந்தது. அது அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டின் பின்பக்கச் சந்து வழியாகப் பேச்சியம்மாளைத் தூக்கிக்கொண்டுபோனால் ஐந்து நிமிடம்.

என் கை இடப்பக்க மடிப்புக்குச் சென்றது. விரல்களில் சாவி பட்டது. பேசாமலே அதை எடுத்து நீட்டியிருக்கலாம். நோன்பு கலைந்திராது. ஒரு சொல்லும் தேவைப்பட்டிராது. ஆகவே நோன்பைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை.

அக்கணத்தில் என் நினைவில் இறைவன் இல்லை. நினைவில் வந்தது வண்டியின் இடப்புறத்துக் கீறல். இந்தப் பதற்றத்தில், இந்தக் கூட்டத்தில், இவர் ஓட்டினால் வண்டி என்னவாகும் என்று எண்ணினேன். இப்பக்கத்தில் பாம்புக்கடி என்று ஓடிவருவோர் பலர். பாதி நச்சற்றதாக இருக்கும் என்றும் எண்ணினேன். தூணோரத்தில் கைகூப்பி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எண்ணினேன். இத்தனையும் எண்ண ஒருவனுக்கு இரண்டு நொடி போதும்.

சாவியை விட்டுவிட்டு ஒரு புளியங்கொட்டையை எடுத்தேன். வலப்பக்கத்தில் இட்டேன். பின் இருகை விரல்களையும் விரித்துக் காட்டினேன். மடக்கி, ஒரு விரலை மட்டும் காட்டினேன். இன்னும் பதினொன்று, பொறுத்திரு என்று பொருள்.

மாடசாமி என் மடிப்பைப் பார்த்தார். சாவியின் வளையம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் கையை நீட்டவில்லை. நீட்டிப் பறித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். ஐயாவின் இடுப்பில் கைவைக்க அவரால் இயலவில்லை.

நான் நடந்தேன். அவர் என் பின்னால் வந்தார். ஒரு சுற்று முழுவதும் வந்தார். அவர் மூச்சு என் முதுகில் பட்டது. நான் மனம் மாறித் திரும்புவேன் என்று காத்திருந்தார் போலும். வடக்குத் திருப்பத்தில் அந்த மூச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமல், அடுத்த கொட்டையை எடுத்தேன்.

கூட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நூற்றெட்டும் முடித்தேன். அம்மையின் முன்னே நின்று நெடுநேரம் வணங்கினேன். கண்ணில் நீர்கூட வந்தது.

மாடசாமி கடைசியில் ஒரு காய்கறி வண்டியை நிறுத்தி மனைவியை ஏற்றிச் சென்றிருக்கிறார். ஒரு கிழமைக்குப் பின் திருநெல்வேலி மருத்துவமனைக்குப் பழங்களோடு சென்றேன். அங்கே மருத்துவர் என்னை உறவினர் என்று எண்ணிச் சொன்னார்: “கொஞ்சம் முன்னால வந்திருந்தா விரலக் காப்பாத்தியிருக்கலாமான்னு கேக்காங்க. உறுதியாச் சொல்ல முடியாது சார். காப்பாத்தியிருக்கவும் செய்யலாம்.” அதில் ‘உறுதியாச் சொல்ல முடியாது’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன்.

கட்டிலில் கிடந்த பேச்சியம்மாள் என்னைக் கண்டு எழ முயன்றார். “ஐயா, நோம்பு நல்லபடியா முடிஞ்சுதா?” என்று கேட்டார். “முடிந்தது, அம்மா” என்றேன். மாடசாமி சன்னலோரம் நின்றிருந்தார். கூட்டத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்று அவர்களிடம் அங்கேதான் முதன்முதலாகச் சொன்னேன். அவரைப் பார்க்காமல் சொன்னேன்.

விடை

இறைவன் தீமையை ஏன் தடுப்பதில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் விடை சொன்னவன் நான். அதற்கான விடை எனக்குத் தெரியாது என்று இப்போது எழுதுகிறேன். விரியன் ஏன் அந்த விறகடியில் வந்து கிடந்தது என்பது எனக்குத் தெரியாது. அதன் பிறகு நடந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எனக்கு விடை தெரியும். அந்த ஒரு மணி நேரத்தையும் பாம்பின் கணக்கில் சேர்த்து, பேச்சியம்மாளின் முற்பிறவியின்மேல் ஏற்றிவைத்தேன். அவரோ அதைச் சுமந்துகொண்டு, தம் தாய் என்று நம்பியவளின் வாயிலை மிதிக்காமல் இருந்திருக்கிறார்.

“விழுந்தது, பேச்சியம்மா” என்றேன். “தெளிவாக என் காதில் விழுந்தது. சாவி என் மடியில்தான் இருந்தது.”

அவர் அழவில்லை. என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் மனைவி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பேச்சியம்மாள் வாயிலுக்குச் சென்று தெருவைப் பார்த்துக் கூவினார்.

“ஏங்க, கேட்டீகளா? ஐயாவுக்குக் காது கேட்டிருக்கு! நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீக!”

தெருவில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தனர். மாடசாமி எங்களைப் பார்க்கவில்லை. வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எ... எனக்குத் தெ... தெரியும்ட்டி” என்றார். “வா, போ... போவம்.”

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். இதழை என் மேசைமேல் வைத்தார். “இதுலயே எழுதிருங்க. வேற எங்கனயும் வேண்டாம். இவுக நாக்கு மேல போட்டத இதுலயே எடுத்துருங்க. மேஸ்திரி அடுத்த வாரமும் வாசிப்பாரு.”

“கோயிலுக்கு...” என்றேன்.

“அத நான் பாத்துக்கிடுதேன்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னவாறே இதிலேயே எழுதுகிறேன். தறிக்கொட்டகை மேற்பார்வையாளர் இதனையும் உரக்கப் படிக்கவேண்டும். மற்றவற்றை விட்டுவிட்டாலும், பின்வரும் வரிகளை விடவேண்டா.

மூன்று கிழமைகளுக்கு முன் இவ்விதழில் நான் எழுதியது பொய். எதிர்வீட்டார் என்று நான் எழுதியவரின் பெயர் மாடசாமி. அவருக்குத் திக்குவாய் உண்டு. அன்று அவருக்குத் திக்கவில்லை.